ஒரு டிரம் கழிவுக்கு எத்தனை காகிதம்: படிவம் 540, 541, 542

நான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆய்வுக்கூடங்களில் சேரும் கதிரியக்கக் குப்பையை வாங்கி, வகை பிரித்து, டிரம்களில் அடைத்து, லாரி ஏற்றி அனுப்பும் வரை என் பொறுப்பு. இந்த ஊர் ஆய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முனைவர் பட்டம் முடித்த கையோடு சிலர் என்னைப் போன்ற வேலைகளுக்கும் வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. அணுக்கழிவு என்றதும் அணு உலையின் எரிந்த எரிபொருளை நினைக்க வேண்டாம். அது வேறு உலகம், வேறு சட்டம். நான் பேசுவது தாழ்நிலைக் கதிரியக்கக் கழிவு: கையுறை, பிப்பெட் முனை, உடைந்த கண்ணாடி, உறிஞ்சு தாள், மண் மாதிரி. இவற்றைக் கையாள்வதில் பெரிய ஆபத்து இல்லை. கஷ்டம் முழுவதும் காகிதத்தில்தான்.

சரக்கோடு போகும் இந்த விவரப் பட்டியலை 'ஒரே மாதிரியான மேனிஃபெஸ்ட்' என்று சட்டம் அழைக்கிறது. மூன்று படிவங்கள்: 540, 541, 542. கூட்டாட்சி விதித்தொகுப்பின் பத்தாம் தலைப்பு, பகுதி 20, பிற்சேர்க்கை ஜி என்ற இடத்தில் இதன் விதிகள் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் எல்லோரும் கட்டம் கட்டமாக மேலிருந்து கீழே நிரப்பத் தொடங்குகிறார்கள். நான் முதல் நாளே சொல்வது, ஒவ்வொரு தாளையும் யார் படிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள் என்பதைத்தான். 540-ஐப் படிப்பவர், நடுச்சாலையில் கவிழ்ந்த லாரிக்கு முன் நிற்கும் தீயணைப்பு வீரர். 541-ஐப் படிப்பவர், புதைகுழியில் எந்த அணு எவ்வளவு கிடக்கிறது என்று பல தலைமுறைக்குக் கணக்கு வைக்கும் கிடங்குக்காரர். 542-ஐப் படிப்பவை மாநில அரசுகள். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தானே தீர்ந்துவிடும்.

மாநில அரசுகள் எங்கே வந்தன என்று கேட்பீர்கள். 1979-ல் நாடு முழுவதற்கும் இக்கழிவைப் புதைக்கும் கிடங்குகள் மூன்றுதான் இயங்கின: நெவாடாவில் பீட்டி, வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்லாண்ட், தென் கரோலினாவில் பார்ன்வெல். ஒழுகும் பொதிகளும் ஒழுங்கில்லாத லாரிகளும் வந்து சேர்ந்ததில் ஆளுநர்கள் பொறுமை இழந்தார்கள். நெவாடாவும் வாஷிங்டனும் தற்காலிகமாகக் கதவை மூடின. தென் கரோலினா வாங்கும் அளவைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: அந்தந்த மாநிலத்தின் கழிவுக்கு அந்தந்த மாநிலமே பொறுப்பு, வேண்டுமானால் சில மாநிலங்கள் சேர்ந்து கூட்டமைப்பு அமைத்துக்கொள்ளலாம். 1985-ல் அது திருத்தப்பட்டது. அன்றிலிருந்து ஒரு பை குப்பைக்கும் பிறந்த மாநிலம் என்று ஒன்று உண்டு. மிச்சிகன், மத்திய மேற்குக் கூட்டமைப்பிலிருந்து 1991-ல் வெளியேற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே மூன்று கிடங்குகளும் மிச்சிகன் கழிவை வாங்க மறுத்துவிட்டன. 1995-ல் பார்ன்வெல் மீண்டும் திறக்கும் வரை இங்குள்ள மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் டிரம்களைத் தங்கள் வளாகத்திலேயே அடுக்கி வைத்திருந்தன. எங்கள் அலுவலகத்தின் மூத்தவர்கள் இன்றும் காலி அலமாரியைக் கண்டால் அதைக் காலியாகவே வைத்திருக்க விரும்புவது அதனால்தான்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு கிடங்குக்கும் தனித்தனிப் படிவம் இருந்தது. 1995-ல் விதி வந்து, 1998 மார்ச் முதல் எல்லோருக்கும் ஒரே படிவம் கட்டாயமானது.

அனுப்பாமல் முடிக்க முடியுமா?

சிறந்த மேனிஃபெஸ்ட், எழுதத் தேவையில்லாத மேனிஃபெஸ்ட். டிரம்மில் போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகத் தேயும் காலம், 120 நாளுக்குள் இருக்கிறதா? பாஸ்பரஸ்-32க்கு 14.3 நாள், அயோடின்-125க்கு ஏறத்தாழ 60 நாள், கந்தகம்-35க்கு 87 நாள். உங்கள் உரிமத்தில் அனுமதி இருந்தால் இவற்றை வைத்திருந்து தேயவிடலாம். பத்து அரை ஆயுள் காத்திருப்பது வழக்கம். கந்தகத்துக்கு அது கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு. பிறகு கருவி வைத்து அளந்து, இயற்கைப் பின்னணி அளவிலிருந்து வேறுபாடு தெரியவில்லை என்றால், கதிரியக்க முத்திரைகளை எல்லாம் கிழித்தோ கறுப்படித்தோ சாதாரணக் குப்பையில் போடலாம். அளந்த தேதி, கருவி, பின்னணி அளவு, கிடைத்த அளவு, அளந்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும்.

சின்டில்லேஷன் குப்பியா, அதாவது கதிரியக்கத்தை ஒளியாக மாற்றி அளக்க உதவும் திரவம் கொண்ட குப்பியா? அதில் டிரிட்டியம் (ஹைட்ரஜன்-3) அல்லது கார்பன்-14 கிராமுக்கு 0.05 மைக்ரோகியூரி (கியூரி என்பது கதிரியக்க அளவின் அலகு) அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அதைக் கதிரியக்கம் இல்லாத பொருளாகவே கழிக்கலாம். ஆனால் திரவம் டொலுவீனோ சைலீனோ அடிப்படையில் அமைந்தது என்றால் அது அபாயகரமான வேதிக்கழிவு. அதற்குச் சுற்றுச்சூழல் துறையின் தனி மேனிஃபெஸ்ட் வேண்டும்.

நீரில் கரையும் திரவமா? ஆண்டுக்கு 5 கியூரி டிரிட்டியம், 1 கியூரி கார்பன்-14, மற்ற எல்லாம் சேர்த்து 1 கியூரி வரை கழிவுநீர்க் குழாயில் விடச் சட்டம் இடம் தருகிறது. மாதாந்தரச் செறிவு வரம்பு தனி. தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்ப்பதற்கு வேறு வழி இல்லை.

மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால்தான் டிரம்.

எங்கே போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காகிதத்தை முடிவிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது நான்கு கிடங்குகள் உண்டு. பார்ன்வெல் 2008 ஜூலை 1 முதல் தென் கரோலினா, கனெக்டிகட், நியூ ஜெர்சி தவிர யாருக்கும் இல்லை. ரிச்லாண்ட் வடமேற்கு, ராக்கி மலைக் கூட்டமைப்புகளின் 11 மாநிலங்களுக்கு மட்டும். யூட்டாவில் உள்ள கிளைவ் நாடு முழுவதிலிருந்தும் வாங்கும், ஆனால் 'ஏ' வகுப்புக் கழிவு மட்டுமே ('ஏ', 'பி', 'சி' என்ற மூன்று வகுப்புகளில் கதிரியக்கச் செறிவு மிகக் குறைந்தது 'ஏ'; கணக்கு பின்னால் வருகிறது). டெக்சஸின் ஆண்ட்ரூஸ் கவுண்டி 2012-ல் திறந்தது. அது டெக்சஸ், வெர்மான்ட் மாநிலங்களுக்குச் சொந்தம் என்றாலும், அந்தக் கூட்டமைப்பின் ஆணையம் இறக்குமதிக்குச் சம்மதித்தால் பிற மாநிலக் கழிவையும் ஏற்கும். 'பி', 'சி' வகுப்பு என்றால் மிச்சிகன்காரர்களுக்கு அந்த ஒரு வழிதான்.

கிளைவுக்கு அனுப்ப, யூட்டா மாநிலத்திடமிருந்து தளத்துக்குள் நுழையும் உரிமம் முன்கூட்டியே வாங்க வேண்டும். டென்னசியில் எரித்துச் சுருக்கும் ஆலைகள் உண்டு. அங்கே அனுப்பினால் டென்னசியின் ஒப்படைப்பு உரிமம் தனி. இவற்றுக்கெல்லாம் ஆண்டுக் கட்டணம் உண்டு, காலாவதித் தேதியும் உண்டு. லாரி வாசலில் நிற்கும்போது உரிமம் போன வாரம் முடிந்துவிட்டது என்று கண்டுபிடிப்பதைவிட, ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கிடங்கும் தனது ஏற்பு நிபந்தனைகளைத் தனிப் புத்தகமாக வெளியிடுகிறது. கூட்டாட்சி விதியைவிட அது கடுமையாகவே இருக்கும். இரண்டில் கடுமையானதைப் பின்பற்றுங்கள்.

பையின் சீட்டு

மேனிஃபெஸ்ட்டில் போகும் ஒவ்வொரு எண்ணும், ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் பையில் ஒருவர் கட்டிய சீட்டிலிருந்து வருவது. அந்தச் சீட்டு சரியில்லை என்றால் பிறகு எந்தப் புத்திசாலித்தனமும் உதவாது. ஐசோடோப் என்ன, எத்தனை மைக்ரோகியூரி, எந்தத் தேதியில் அந்த அளவு, என்ன வேதிப்பொருள், எந்த ஆய்வுக்கூடம். எங்கள் வளாகத்தில் ஒரு பேராசிரியர் ஒவ்வொரு பையிலும் 'கலப்பு ஐசோடோப்' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். பையை அவர் வாசலிலேயே திருப்பி வைத்தேன். அவர் துறைத் தலைவருக்குப் புகார் எழுதினார். துறைத் தலைவர் எனக்கு நன்றி எழுதினார்.

சீட்டில் பலரும் விட்டுவிடுகிற ஒன்று இ.டி.டி.ஏ. உயிரியல் ஆய்வுக்கூடத்தின் பாதித் தாங்கல் கரைசல்களில் அது இருக்கிறது. அது உலோக அயனிகளைக் கவ்விக்கொள்ளும். மண்ணுக்குள் புதைத்த பின் அயனிகளை நிலத்தடி நீரோடு இழுத்துச் சென்றுவிடும். ஆகவே, அப்படிப்பட்ட கவ்விப் பொருள் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் அதன் பெயரையும் தோராய சதவீதத்தையும் 541-ல் எழுத வேண்டும். எங்கள் சீட்டில் இதற்கென்றே ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறோம். எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கூடங்களில் சாயமாகப் பயன்படும் யுரேனில் அசிடேட்டும் சீட்டில் விடுபடுகிற ஒன்றுதான். மாணவர்கள் அதைச் சாயம் என்றே நினைத்து, கதிரியக்கப் பொருள் என்பதை மறந்துவிடுகிறார்கள். யுரேனியம், தோரியம் இரண்டுக்கும் கியூரிக் கணக்கோடு எடைக் கணக்கும் மேனிஃபெஸ்ட்டில் வேண்டும்.

டிரம்முக்குள் என்ன இருக்கக் கூடாது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் அடைத்துப் புதைக்க முடியாது. திரவம் என்றால் திடமாக்க வேண்டும், அல்லது அதைப்போல் இருமடங்குத் திரவத்தை உறிஞ்சக்கூடிய அளவு உறிஞ்சு பொருளில் இருக்க வேண்டும். திடக் கழிவில் தங்கியிருக்கும் திரவம் கன அளவில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெடிப்பது, தானே தீப்பற்றுவது, நோய் பரப்புவது எதுவும் அப்படியே போகக் கூடாது. மூடி அடைத்த பின் உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தியம் செய்யப் போகிறவர் நீங்கள். ஆகவே மூடும்போது அருகில் நில்லுங்கள்.

வகுப்புக் கணக்கு

டிரம்மின் வகுப்பு 'ஏ'யா, 'பி'யா, 'சி'யா என்று கண்டுபிடிக்க, அதே பத்தாம் தலைப்பின் பகுதி 61-ல் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. முதல் அட்டவணை நெடுங்காலம் நிற்கும் அணுக்களுக்கு, இரண்டாவது சீக்கிரம் தேய்பவற்றுக்கு. கணக்கு எளிது. செய்து காட்டுகிறேன்.

55 காலன் இரும்பு டிரம், கன அளவு 7.5 கன அடி, அதாவது ஏறத்தாழ 0.21 கன மீட்டர். நிறையக் குப்பை. எடை 60 கிலோ. சீட்டுகளைக் கூட்டினால் டிரிட்டியம் 20 மில்லிகியூரி, கார்பன்-14 3 மில்லிகியூரி. கன அளவால் வகுத்தால் கன மீட்டருக்கு டிரிட்டியம் 0.095 கியூரி, கார்பன் 0.014 கியூரி. கார்பனின் வரம்பு முதல் அட்டவணையில் 8. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாவிட்டால், அதாவது 0.8 வரை, 'ஏ' வகுப்பு. டிரிட்டியத்தின் 'ஏ' வரம்பு இரண்டாம் அட்டவணையில் 40. ஒரே அட்டவணையில் பல அணுக்கள் வந்தால் ஒவ்வொன்றையும் அதன் வரம்பால் வகுத்து, வரும் பின்னங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது. இங்கே இரண்டுமே வரம்பின் அருகில்கூட இல்லை. 'ஏ' வகுப்பு.

பல்கலைக்கழகக் குப்பையில் பெரும்பகுதி இப்படித்தான் முடியும். ஆனாலும் கணக்கைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கோப்பில் வையுங்கள். ஆய்வாளர் கேட்பது விடையை அல்ல, வழியை.

இன்னொரு டிரம் பாருங்கள். வண்டல் ஆய்வு செய்த கூடத்திலிருந்து சீசியம்-137 கலந்த மண்ணும் தட்டுகளும். 100 கிலோ, 2 மில்லிகியூரி. கன மீட்டருக்கு 0.0095 கியூரி. 'ஏ' வரம்பு 1. இதுவும் 'ஏ' வகுப்புதான். ஆனால் லாரியில் ஏறும்போது இந்த இரண்டு டிரம்களும் இரண்டு வேறு பிராணிகள். அதற்குத்தான் 540.

படிவம் 540: தீயணைப்பு வீரருக்கு

இது போக்குவரத்துத் துறையின் சரக்குச் சீட்டையும் தன்னுள் அடக்கிய தாள். இதன் மொழியை ஆள்வது கூட்டாட்சி விதித்தொகுப்பின் நாற்பத்தொன்பதாம் தலைப்பு. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வகுப்புக்கும் போக்குவரத்துத் துறையின் வகைக்கும் தொடர்பு இல்லை என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்து விதியில், ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு விலக்குச் செறிவும் ஒரு விலக்கு மொத்தமும் உண்டு. இரண்டையும் தாண்டினால்தான் அது கதிரியக்கச் சரக்கு. டிரிட்டியத்தின் விலக்குச் செறிவு கிராமுக்குப் பத்து லட்சம் பெக்கரல் (கியூரிக்குப் பதிலான சர்வதேச அலகு; 1 மில்லிகியூரி 37 மெகாபெக்கரல்), கார்பன்-14க்குப் பத்தாயிரம். நம் முதல் டிரம்மில் டிரிட்டியம் 740 மெகாபெக்கரல், கார்பன் 111 மெகாபெக்கரல். 60 கிலோவுக்குப் பிரித்தால் கிராமுக்கு ஏறத்தாழ 12,300 பெக்கரலும் 1,850 பெக்கரலும். பின்னங்களைக் கூட்டினால் 0.2க்குக் கீழ். ஆக, சாலையில் அது கதிரியக்கச் சரக்கே இல்லை! ஆனால் புதைகுழிக்குப் போகும் கழிவு என்பதால் மேனிஃபெஸ்ட் வேண்டும். டிரம்மின் மேல் 'ஏ' வகுப்பு என்ற எழுத்தும் வேண்டும். போக்குவரத்துத் துறை விதிக்கு உட்படாதது என்று அதன் வரியில் எழுதுகிறோம். புதியவர்கள் இதை ஒருமுறை நம்ப மறுப்பார்கள். கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள்.

சீசியத்தின் விலக்குச் செறிவு கிராமுக்கு வெறும் 10 பெக்கரல். இரண்டாவது டிரம்மில் 740 இருக்கிறது. மொத்தமும் விலக்கைப் பல மடங்கு தாண்டுகிறது. எனவே இது முழுக் கதிரியக்கச் சரக்கு. வெளிப்பரப்பில் கருவி மணிக்கு 7 மில்லிரெம் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) காட்டுகிறது. 0.5க்குள் இருந்திருந்தால் விலக்குப் பொதி என்று எளிதாக அனுப்பியிருக்கலாம். இப்போது டைப் ஏ பொதியாக அனுப்புகிறோம். இந்த 'ஏ' போக்குவரத்துத் துறையின் பொதி வகை, கழிவின் வகுப்பு அல்ல. வரி எழுதும் வரிசை மாறவே கூடாது: முதலில் யூஎன் 2915 என்ற அடையாள எண், பிறகு விதி தந்துள்ள சரக்குப் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே, பிறகு வகுப்பு 7. நம் சொந்தச் சொற்களில் பெயரைச் சுருக்குவதும் விரிப்பதும் மீறல்.

அதன் பின் அணுவின் பெயர், இயற்பியல் வடிவம், வேதி வடிவம், பெக்கரலில் கதிரியக்க அளவு. கியூரியை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம், தனியாக எழுதக் கூடாது. பிறகு லேபிள். பரப்பில் மணிக்கு 0.5 மில்லிரெம் வரை வெள்ளை ஒன்று, 50 வரை மஞ்சள் இரண்டு, 200 வரை மஞ்சள் மூன்று. ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு எத்தனை மில்லிரெம் என்பதே போக்குவரத்துக் குறியீட்டு எண். அதை ஒரு தசமத்துக்கு எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். 0.63 என்றால் 0.7. மஞ்சள் இரண்டுக்கு இந்த எண் 1ஐத் தாண்டக் கூடாது. நம் டிரம் மஞ்சள் இரண்டு.

அவசரத் தொலைபேசி எண் கட்டத்தை நான் தனியாகச் சோதிப்பேன். சரக்கு சாலையில் இருக்கும் நேரம் முழுவதும் அந்த எண்ணை, சரக்கைப் பற்றித் தெரிந்த ஒருவரோ, தெரிந்தவரை உடனே பிடித்துத் தரக்கூடியவரோ எடுக்க வேண்டும். பதிவு இயந்திரம் கூடாது. லாரி கிளம்பும் முன்னிரவில், தூங்கும் நேரம் பார்த்து, நானே அந்த எண்ணைக் கூப்பிட்டுச் சரக்கின் பெயரைச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்பேன். எடுப்பவர் தடுமாறினால் மறுநாள் லாரி கிளம்பாது. இதனால் எனக்கு நண்பர்கள் அதிகம் இல்லை.

அவசரகால வழிகாட்டிப் பக்கத்தையும் கூடவே இணைக்க வேண்டும். யூஎன் 2915க்கு வழிகாட்டி எண் 163.

படிவம் 541: கிடங்குக்கு

இது டிரம் வாரியான கணக்கு. ஒவ்வொரு டிரம்முக்கும் ஓர் அடையாள எண், கலன் குறியீடு, கன அளவு, எடை, பரப்புக் கதிர்வீச்சு, பரப்பு மாசு, உள்ளிருப்பதன் விவரக் குறியீடு, உறிஞ்சு பொருள், கவ்விப் பொருள், ஒவ்வொரு அணு, அதன் அளவு, வகுப்பு. இரும்பு டிரம்முக்குக் குறியீடு 4, கண்ணாடி ஆய்வுப் பொருள்களுக்கு 35, அமுக்கக்கூடிய குப்பைக்கு 39. 'மற்றவை' என்ற குறியீடும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் விளக்கம் எழுத வேண்டும். அவசரத்தில் அதையே எல்லா டிரம்முக்கும் போட்டுவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. கிடங்குக்காரர்கள் அந்த மேனிஃபெஸ்ட்டைத் திருப்பி அனுப்புவார்கள், சரிதான்.

அலகுகளில் விழுந்துவிடாதீர்கள். பரப்பு மாசுக்குப் போக்குவரத்து விதி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல் என்று வரம்பு வைக்கிறது, பீட்டா, காமா அணுக்களுக்கு. துடைப்புச் சோதனைக்கு 300 சதுர சென்டிமீட்டர் துடைக்கிறோம். படிவம் கேட்பதோ 100 சதுர சென்டிமீட்டருக்கான அளவு. மூன்று பரப்புகள், ஒரே கட்டம்.

அனுப்பும் சரக்கு முழுவதற்குமான கூட்டுத்தொகையில் நான்கு அணுக்களைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும்: டிரிட்டியம், கார்பன்-14, டெக்னீஷியம்-99, அயோடின்-129. நான்கும் தண்ணீரோடு எளிதில் நகரக்கூடியவை. ஒரு புதைகுழியின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் இவைதான். இங்கே அளக்காமல் அதிகமாக எழுதிவிடுவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கிடங்கின் கணக்கில் இல்லாத அணு ஏறி, உண்மையான கழிவுக்கான இடம் காகிதத்திலேயே தீர்ந்துபோகும். தெரிந்ததை எழுதுங்கள், எப்படித் தெரியும் என்பதைக் கோப்பில் வையுங்கள்.

வகுப்புக் கட்டத்தில் 'ஏ' என்று மட்டும் எழுதினால் போதாது. நிலைப்படுத்தாத 'ஏ'யா, நிலைப்படுத்திய (புதைத்த பின் வடிவம் குலையாத) 'ஏ'யா என்றும் காட்ட வேண்டும். நம் குப்பை முன்னது.

542-ம் இடைத்தரகரும்

542 உங்கள் வேலை அல்ல. பல இடங்களில் கழிவைச் சேகரிக்கும் நிறுவனமும், எரித்து அமுக்கித் தரும் ஆலையும் நிரப்பும் தாள் அது. எந்தக் கழிவு எந்த உற்பத்தியாளருடையது, எந்தக் கூட்டமைப்பில் பிறந்தது என்று அதில் பட்டியலிடுவார்கள்.

எங்களைப் போன்ற சிறிய இடங்கள் பெரும்பாலும் தரகர் மூலமே அனுப்புகின்றன. அவரே மென்பொருளில் எண்களை ஏற்றி மூன்று படிவமும் அச்சடித்துக் கொடுப்பார். அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். ஒருமுறை ஒரு தரகர் தந்த 541-ல் கவ்விப் பொருள் கட்டம் எல்லா டிரம்முக்கும் காலியாக வந்தது. எங்கள் சீட்டுகளில் இ.டி.டி.ஏ. தெளிவாக இருந்தது. அவருடைய மென்பொருளில் அந்தப் பத்தி மறைக்கப்பட்டிருந்ததாம். அச்சான தாளை உங்கள் பட்டியலோடு டிரம் டிரம்மாக, விரல் வைத்து ஒப்பிடுங்கள். டிரம்மின் மேல் ஒட்டிய எண்ணையும் நேரில் போய்ப் பாருங்கள்.

கையெழுத்தும் லாரியும்

540-ன் அடியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது: பொருள்கள் முறையாக வகைப்படுத்தி, விவரித்து, பொதிந்து, குறியிட்டு, லேபிள் ஒட்டி, விதிகளின்படி பயணத்துக்குத் தகுந்த நிலையில் இருக்கின்றன என்று. கையெழுத்திடுபவர் அபாயகரச் சரக்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். துறைத் தலைவர் என்பதால் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். பயிற்சிச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறதோ அவர் போடட்டும்.

540 லாரியோடு போயே தீர வேண்டும். 541-ஐ மின்வழியில் முன்னதாகவே அனுப்பலாம், அல்லது சரக்கோடு கொடுக்கலாம். முன்னதாக அனுப்புங்கள். கிடங்கில் உள்ளவர் குறை கண்டால் டிரம் இன்னும் உங்கள் கையில் இருக்கும்.

ஓட்டுநரிடம் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். சீட் பெல்ட் போட்ட நிலையில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும், கண்ணில் படும்படியாக. அவர் இறங்கிப் போனால் கதவின் உட்புறப் பையிலோ இருக்கையின் மேலோ. சாமான் பெட்டிக்குள் கூடாது. மயங்கிக் கிடக்கும் ஓட்டுநரிடம் தாள் எங்கே என்று கேட்க முடியாது என்பதால்தான் இந்த விதி. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நாம் சொல்லும் முன்பே சரியாக வைத்துக்கொள்வார்கள். லாரி முழுவதும் நம் சரக்குக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தால், அதற்கான நிபந்தனைகளை எழுத்தில் அவரிடம் தர வேண்டும். ஓட்டுநர் அறையில் கதிர்வீச்சு மணிக்கு 2 மில்லிரெம்மைத் தாண்டவில்லை என்று அளந்து, அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

லாரி போன பிறகு

பெறுபவர் ஒரு வாரத்துக்குள் கையெழுத்திட்ட 540 நகலை அனுப்ப வேண்டும். ஒப்படைத்த 20 நாளுக்குள் உங்களுக்குத் தகவல் வரவில்லை என்றால், சரக்கு எங்கே என்று தேட வேண்டியது உங்கள் கடமை. தேடுவதோடு, ஆணையத்தின் வட்டார அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தேடல் முடிந்து இரண்டு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான அறிக்கை. பெரும்பாலும் நகல் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் தூங்கிக்கொண்டிருக்கும். பத்தாம் நாளே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பது என் வழக்கம்.

நகலில் உள்ள பொதிகளின் எண்ணிக்கை நீங்கள் அனுப்பியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, 540, 541, வகுப்புக் கணக்கு, அளவீட்டுத் தாள்கள், கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். போக்குவரத்துத் துறைக்குச் சரக்குச் சீட்டை இரண்டு ஆண்டு வைத்திருந்தால் போதும். அணுசக்தி ஆணையத்துக்கோ மேனிஃபெஸ்ட்டும் ஒப்புகையும், உங்கள் உரிமம் முடிவுக்கு வரும் நாள் வரை இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்குப் பிரிவு ஏழாண்டு கடந்த கோப்புகளை எல்லாம் கிழிக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடும். தரகரின் கட்டண ரசீதோடு மேனிஃபெஸ்ட்டையும் அவர்கள் அலமாரியில் வைத்தால் அதுவும் கூடவே போய்விடும். ரசீது அவர்களிடம் இருக்கட்டும், மேனிஃபெஸ்ட்டை உங்கள் அறையிலேயே பூட்டி வையுங்கள்.